பழைய கைப்பேசிகளின் மென்பொருள்: கேள்வி பதில்

குன்னூரில் 20 ஆண்டுகளாகக் கைப்பேசி பழுது நீக்கும் நான், நீலகிரி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கோத்தகிரி ஆசிரியர் ஒருவர்: நோக்கியா 6600-இல் நாமே மென்பொருள் ஏற்ற முடிந்ததே, அப்படியானால் அதன் இயங்குதளமான சிம்பியன் திறந்த அமைப்புதானே?

ஐயா, யார் வேண்டுமானாலும் செயலி எழுதி ஏற்றலாம் என்பது வேறு. அமைப்பின் மூலநிரலையே படித்துத் திருத்தலாம் என்பது வேறு. 2003-இல் வந்த 6600-இல் முதலாவது மட்டுமே இருந்தது. புளூடூத்தில் வந்த சிஸ் கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பை, திறந்து, கேட்கும் இடத்தில் 'சரி' கொடுத்தால் செயலி ஏறிவிடும். ஆனால் 1998-இல் சயான், நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா ஆகியவை சேர்ந்து தொடங்கிய சிம்பியனின் மூலநிரல் 2010 பிப்ரவரியில்தான் பொதுவில் வைக்கப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியிலேயே நோக்கியா விண்டோஸ் ஃபோனுக்கு மாறுவதாக அறிவித்துவிட்டது. நல்ல அமைப்பொன்றின் கதவு இத்தனை காலம் கடந்து திறந்ததே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

கூடலூர் மாணவர்: அப்பாவின் நோக்கியா என்73-இல் பழைய செயலியை ஏற்றினால், சான்றிதழ் காலாவதி என்கிறது. என்ன செய்வது, அண்ணா?

தம்பி, கைப்பேசியின் தேதியை 2007-க்கோ 2008-க்கோ பின்னுக்குத் தள்ளி, செயலியை நிறுவியபின் தேதியைச் சரிசெய்துகொள்ளுங்கள், பெரும்பாலும் ஏறிவிடும். 2004-இல் புளூடூத் வழியே பரவிய கேபிர் போன்ற புழுக்களை, அதாவது தாமே பரவும் தீநிரல்களை, கண்ட பிறகு, சிம்பியன் 9-இலிருந்து, செயலியுடன் வரும் சான்றிதழைப் பார்க்கும் கையொப்பச் சோதனை கடுமையானது. பாதுகாப்பு தேவைதான். ஆயினும் ஆழ்ந்த அனுமதிகள் வேண்டுமெனில், அந்தக் கைப்பேசியின் ஐஎம்இஐ எனும் தனி அடையாள எண்ணுக்கென்றே சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கியவர் கையில் சாவி இல்லாமற்போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

உதகை வாசகி: அக்காலக் கைப்பேசிகளில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தது ஏன்?

தமிழ் எழுத்துருவும், கொம்பையும் காலையும் உரிய இடத்தில் சேர்க்கும் நிரலும் அவற்றுள் பெரும்பாலானவற்றில் இல்லை. வெளியிலிருந்து சேர்ப்பதும் எளிதன்று. ஓப்பரா மினி என்ற இணைய உலாவியின் உள்ளமைவுப் பக்கத்தில், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் தெரிவை இயக்கினால், ஓப்பரா நிறுவனத்தின் சர்வரே எழுத்துகளை வரைந்து அப்போது அனுப்பியது. வாடிக்கையாளரின் சிறு திரையில் முதன்முதலாகத் தமிழ்ப் பக்கம் முழுதாகத் தெரிந்தபோது, செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு அதைப் படித்தேன்.

அருவங்காடு நண்பர்: ஆண்ட்ராய்டு முழுவதும் திறந்ததா?

அடிப்படை நிரல் திறந்தது. பிளே ஸ்டோரும் கூகுள் சேவைகளும் மூடியவை. புதுக் கைப்பேசி வாங்குமுன், எந்த அமைப்பு ஏறலாம் என்று தீர்மானிக்கும் பூட்லோடரைத் திறக்க நிறுவனம் அனுமதிக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.