கணினி கேள்வி-பதில்: 1 டிபி பென்டிரைவ் உண்மையில் எவ்வளவு?

கேள்வி: மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் 1 டிபி பென்டிரைவ் வாங்கினேன். தங்கை கல்யாண வீடியோக்களைப் போட்டால் பாதிக் கோப்புகள் திறக்கவில்லை. லினக்ஸில், பூஜ்யங்களை மட்டுமே தரும் டெவ்-ஜீரோ கோப்பிலிருந்து பூஜ்யங்களை எழுதிப் படித்தேன், எல்லாம் சரியாகவே வருகிறது. யூரேண்டம் என்ற கோப்பு தரும் ரேண்டம் (தாறுமாறான) தரவை எழுதிச் சோதிக்கச் சொல்கிறார் நண்பர். ஒப்பிட ஒரு டிபி நகலுக்கு நான் எங்கே போவது?
- வாசகர், தேனி

பதில்: முதல் வேலையாக, கேமராக்காரரிடம் வீடியோவின் மூலப் பிரதி இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். அடுத்த கல்யாணத்துக்காக அவர் கார்டை அழித்துவிடக் கூடும்.

சரி, பூஜ்யம் ஏன் பிடித்துக்கொடுக்கவில்லை? உள்ளே இருப்பது 32 ஜிபி சில்லு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் வருவதை அது சத்தமில்லாமல் தொலைத்துவிடும், அல்லது சுற்றி வந்து பழையதன் மேலேயே எழுதும். இரண்டிலும் கணினிக்கு 'எழுதியாயிற்று' என்றுதான் பதில் போகும். எங்கும் பூஜ்யமே இருந்தால் எதன் மேல் எது ஏறியது என்று எப்படித் தெரியும்? இடத்துக்கு இடம் மாறும் தரவு வேண்டும்.

யூரேண்டம் அதைத் தரும். ஆனால் ஒருமுறை வந்த வரிசை மறுமுறை வராது. உங்கள் சிக்கலே அதுதான். நமக்குத் தேவை, நினைத்தபோது அச்சு அசலாகத் திரும்ப வரவழைக்கக்கூடிய போலி ரேண்டம். இதற்கு நான் நம்புவது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருள். டெவ்-ஜீரோவின் பூஜ்யங்களை ஒரு கடவுச்சொல் கொடுத்து ஏஇஎஸ்-256-சிடிஆர் முறையில் என்கிரிப்ட் செய்யச் சொன்னால் போதும். வெளியே கொட்டுவது ரேண்டம் போலவே இருக்கும். அதே கடவுச்சொல்லுக்கு நாளைக்கும் ஒரு பைட் பிசகாமல் அதே வரிசை வரும். நகல் வைக்க வேண்டியதே இல்லை! 'நோசால்ட்' ஆப்ஷன் மட்டும் கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் புது சால்ட் (கடவுச்சொல்லோடு கலக்கும் ரேண்டம் தரவு) சேர்ந்து வரிசை மாறிவிடும். ஓர் இரவு முழுக்க எழுதியதை நான் இப்படி இழந்திருக்கிறேன்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏஇஎஸ்ஸுக்கென்றே தனிக் கட்டளைகள் இன்டெல் சில்லுகளில் 2010 முதல் இருக்கின்றன. என் பழைய மடிக்கணினியிலேயே நொடிக்கு 1 ஜிபியைத் தாண்டுகிறது. பென்டிரைவ்தான் மெதுவாக இருக்கும்.

இந்த வரிசையை டிரைவில் எழுதும் முன், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையால் டிரைவின் பெயரை இரண்டு முறை சரிபாருங்கள். ஓரெழுத்து தவறினால் உங்கள் ஹார்ட் டிஸ்க் போய்விடும். பென்டிரைவில் இருப்பதும் முழுக்க அழியும், ஆகவே திறக்கிற வீடியோக்களை முதலில் வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள். கடைசியில் 'இடமில்லை' என்று வரும் பிழைச் செய்தி இயல்பானதுதான். அப்புறம் டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். இல்லாவிட்டால் கடைசியாக எழுதியது ராமிலிருந்தே படிக்கப்படலாம். இனி அதே ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையின் வெளியீட்டை நேரே (பைப் மூலம்) சிஎம்பி என்ற ஒப்பீட்டுக் கட்டளைக்குக் கொடுத்து டிரைவோடு ஒப்பிடுங்கள்.

சிஎம்பி முதல் வேறுபாடு எந்த பைட்டில் என்று சொல்லும். மிச்சத்தைத் தொலைக்கும் டிரைவாக இருந்தால், ஏறக்குறைய அந்த எண்தான் உண்மையான கொள்ளளவு. போன வருடம் அண்ணன் மகன் கொண்டுவந்த டிரைவில் முதல் பைட்டே வேறுபட்டது. "டிரைவே செத்துப்போச்சு சித்தப்பா" என்றான். சாகவில்லை, சுற்றி வந்து முதல் பைட்டின் மேலேயே எழுதியிருந்தது. கேட்ட அளவு பைட்டை மட்டும் தரும் 'ஹெட் மைனஸ் சி' கட்டளை கொண்டு 8, 16, 32 ஜிபி என்று அளந்து எழுதிப் பார்த்தோம். 16 வரை சரியாக இருந்தது, 32-இல் உடைந்தது.

இவ்வளவு தட்டச்சு வேண்டாம் என்றால் எஃப்3 என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எஃப்3ரைட், பிறகு எஃப்3ரீட். தத்துவம் இதேதான்.

கேள்வி: லினக்ஸில் கட்டளைகளைத் தட்டும் பாஷ் ஷெல்லின் ரேண்டம் மாறியை வைத்துக் கடவுச்சொல் உருவாக்கலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். ஒவ்வொரு முறையும் அது தருவது 0 முதல் 32767-க்குள் ஓர் எண்தான், வரிசையும் ஊகிக்கக்கூடியது. கடவுச்சொல்லுக்குத் திரும்ப வராத ரேண்டமே வேண்டும். யூரேண்டத்திலிருந்து எடுங்கள், அல்லது 'ஓப்பன்எஸ்எஸ்எல் ரேண்ட்' கட்டளையில் 'பேஸ்64' ஆப்ஷனோடு 18 பைட் கேளுங்கள். 24 எழுத்து கிடைக்கும்.