ரிப்போர்ட் எடுக்கும் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

அன்புள்ள ஐயா,

அன்று நீங்கள் கேட்டதற்கு முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. கோத்தகிரிக்குக் கடைசி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. பி.காம். முடிக்கப்போகும் மகளைக் கோயம்புத்தூரில் ‘ரிப்போர்ட் டெவலப்பர்’ பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். “மூன்று வருடம் படிக்கவைத்தது பட்டியல் அச்சடிக்கவா?” என்றீர்கள். என்னைக் கேட்டால், அனுப்புங்கள். உங்கள் இலை ரசீதை வைத்தே காரணம் சொல்கிறேன்.

நீங்கள் பச்சைத் தேயிலை போடும் ஃபேக்டரியில் தேதி, உங்கள் எண், மொத்த எடை, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு, நிகர எடை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகின்றன. முன்பெல்லாம் கணக்கர் அதைக் கூட்டி, தாளில் அச்சடித்து மேலாளர் மேசைக்கு அனுப்புவார். இப்போது மேலாளர் குன்னூரில் தரகர் அலுவலகத்தில் இருந்தாலும் போனில் பிரவுசரைத் திறந்து, தேதியைத் தேர்ந்தெடுத்து, இன்று எத்தனை கிலோ வந்தது, நாலு கிலோ சொச்சம் இலைக்கு ஒரு கிலோ தூள் என்ற கணக்கில் எவ்வளவு இறங்கும் என்று பார்த்துவிடலாம். நடுவில் இருக்கும் சர்வர் என்ற கம்ப்யூட்டர், இந்தக் கணக்கெல்லாம் சேமித்திருக்கும் தரவுத்தளத்திடம் எஸ்.க்யூ.எல். என்ற கணினி மொழியில் கேட்டு, வந்த விடையை அட்டவணையாகவோ எக்செல் கோப்பாகவோ கொடுக்கிறது. அந்தக் கேள்வியை எழுதுவதுதான் உங்கள் மகளின் வேலை.

எளிதாகத் தெரிகிறது, இல்லையா? உங்கள் இலைக்கு விலை மாதம் முடிந்த பிறகுதானே உறுதியாகிறது? அப்படியென்றால் 15ஆம் தேதி ரிப்போர்ட்டைத் திறக்கும் விவசாயிக்குத் ‘தொகை’ என்ற கட்டத்தில் என்ன காட்டுவது? பூஜ்யம் காட்டினால் பதறிப்போவார். சென்ற மாத விலையில் பெருக்கிக் காட்டினால், விலை இறங்கிய மாதத்தில் ஃபேக்டரி வாசலில் சண்டை. ‘விலை இன்னும் நிர்ணயமாகவில்லை’ என்று எழுத வேண்டும் என்பது, கழிவுக் கணக்கைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டு வளர்ந்த பெண்ணுக்குச் சட்டென்று தோன்றும். நகரத்துப் பையனுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டும்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதிலும் கவனம் வேண்டும். ஓர் அலுவலகத்தின் தளத்தில் என் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பிரவுசரில் தெரியும் இணைய முகவரியின் கடைசியில் இருந்த 27ஐ விளையாட்டாக 28 ஆக்கினேன். அடுத்தவர் கணக்கு அப்படியே திறந்தது! லாகின் வைத்தவர்கள், உள்ளே வந்தவர் யாருடைய கணக்கைக் கேட்கிறார் என்று சரிபார்க்கவில்லை. இன்னொன்று, மாலையில் இலை லாரிகள் வரிசையில் நிற்கும்போது ஒருவர் ஓராண்டு ரிப்போர்ட்டைக் கேட்டால் எடை போடும் கம்ப்யூட்டரே திணறும். அதனால் பெரிய ரிப்போர்ட்டுகளை இரவில் தயாரித்து வைப்பார்கள். அல்லது தரவுத்தளத்தின் நகலிலிருந்து எடுப்பார்கள்.

கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ், ஜாஸ்பர், பவர் பி.ஐ. என்று கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றின் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். எஸ்.க்யூ.எல். 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது, இன்றும் அதுதான் அடிப்படை. முதல் ஆறு மாதம் அவள் அதிலேயே ஊறட்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இலவசம், வீட்டில் பழைய மடிக்கணினி போதும். ஐ.ஐ.டி.க்களின் இணையவழிப் பாடங்கள் உள்ள என்.பி.டி.இ.எல். தளத்தில் தரவுத்தளப் பாடத்தைக் கட்டணமின்றிப் படிக்கலாம், தேர்வுக்கு மட்டும் பணம்.

‘வேலை உறுதி’ என்று சொல்லி முன்பணம் கேட்கும் பயிற்சி நிலையங்களின் பக்கம் போகவே வேண்டாம். வந்திருக்கும் கடிதத்தில் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டா, எத்தனை மாதம், இடையில் விலகினால் பணம் கட்டச் சொல்கிறார்களா என்று பாருங்கள். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதீர்கள். நகல் கொடுத்து, அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சேருவதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது அல்லவா? இந்த ஆண்டு இலை ரசீதுகளை அவளிடம் கொடுங்கள். மாதவாரியாக நிகர எடை, கழிவு, கையில் வந்த தொகை மூன்றையும் பிரவுசரில் காட்டும் ஒரே ஒரு பக்கத்தைச் செய்யட்டும். உங்கள் நோட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்காவது இடித்தால் இருவருமாக என்னிடம் வாருங்கள், ரசீதுக் கட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு.