கடைசிப் பத்து சதவீதம் எங்கே நிற்கிறது?

பெருந்துறை சிப்காட்டில் ஒரு வாடிக்கையாளருக்கு விற்று ஓடவிட்ட கம்ப்ரஸருக்கு, விலையில் கடைசிப் பத்து சதவீதம் எட்டு மாதமாக வரவில்லை, தலைமை அலுவலகம் கோவை வட்டார அலுவலகத்தில் இருக்கும் உங்களைத் தினமும் குடைகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் வாடிக்கையாளரின் அக்கவுண்ட்ஸுக்கு மெயில் மேல் மெயில் போடுவதை நிறுத்துங்கள். அவர்களிடம் பதில் இருக்காது. பர்ச்சேஸ் ஆர்டரை எடுத்து, அந்தப் பத்து சதவீதம் எதைக் கொடுத்தால் வரும் என்று பாருங்கள். வங்கி உத்தரவாதம் என்றால், அதைக் கொடுக்க வேண்டியது உங்கள் தலைமை அலுவலகம்தான். தைரியமாகத் திருப்பிக் கேளுங்கள்.

கமிஷனிங் சான்றிதழ், அதாவது மெஷின் சரியாக ஓடுகிறது என்று வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுத் தரும் தாள் என்றால், நேரில் போங்கள். எனக்கு ஒருமுறை ஆறு மாதம் பணம் நின்றது ஒரு பிரஷர் கேஜால். கண்ணாடி விரிசல். மெயின்டனன்ஸ்காரர் தன் நோட்டில் குறித்து வைத்திருந்தார், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேன்டீனில் டீ குடிக்கும்போது அவரே சொன்னார். மறுநாள் பையில் ஒரு கேஜ் கொண்டுபோய் மாட்டிவிட்டு, அங்கேயே கையெழுத்து வாங்கினேன். ஸ்டாம்ப் வாங்க மறந்ததால் இன்னொரு தடவை பஸ் ஏறினேன், அது வேறு கதை.

அப்புறம், உங்கள் நிறுவனம் உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமா? அப்படியென்றால் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006 சட்டப்படி, ஒப்பந்தத்தில் எது இருந்தாலும் பணம் கொடுக்கும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. ஆனால் பிடித்து வைத்த பணம் என்றால் வாதம் வளரும். முதல் சந்திப்பிலேயே சட்டத்தை எடுக்காதீர்கள்.