டெங்கு பரவும்போது மாநகராட்சி ஊழியர்கள் ஏன் வீட்டுக்குள் வந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறார்கள்?

கடலூரில் மழைக்காலம்தோறும் எழும் கேள்வி. அவர்கள் செய்வது கொசுப்புழு ஒழிப்பு. கொசு பறக்கத் தொடங்கும் முன்பே, தண்ணீரில் புழுவாக நெளியும்போதே அழிப்பது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். வாரம் ஒருமுறை சோதனை நடப்பது அதனால்தான். முட்டையோ தண்ணீர் வற்றினாலும் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் தாங்கும். எனவே தண்ணீரைக் கொட்டினால் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான்.

புகையடிப்பது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். கூரை ஒழுகும்போது தரையை மட்டும் துடைப்பதைப் போன்றது அது. ஆனால் புகை வண்டி வந்தால்தான் நமக்குத் திருப்தி!

சாக்கடையில்தான் டெங்குக் கொசு உருவாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஏடிஸ் பெரிதும் நாடுவது குடம், பழைய டயர், கொட்டாங்குச்சி போன்றவற்றில் தேங்கும் தெளிந்த தண்ணீரை.