குண்டு பட்டதா, தவறியதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் குளிர் இறங்கிவிட்டது, பண்ணைகளில் வேட்டைப் பருவமும் தொடங்கிவிட்டது. வந்திருக்கும் கடிதங்கள் பலவற்றில் ஒரே தவிப்பு: "சுட்டேன், ஓடிவிட்டது, பட்டதா இல்லையா தெரியவில்லை." இந்த முறை அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த் வாசகர்): ஐயா, ம்கூஸே பக்கத்துப் பண்ணை ஒன்றில் இம்பாலா மான் கிடாவைச் சுட்டேன். தூரம் 150 மீட்டர் இருக்கும். மந்தை சிதறி ஓடியது, என் கிடாவும் கூடவே ஓடியது. "தவறிவிட்டது, வாங்க போகலாம்" என்றார் கூட வந்தவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: உங்கள் மனம் சொன்னதுதான் சரி. ஓடிவிட்டது என்பதால் தவறிவிட்டது என்று ஆகாது. இதயத்தில் குண்டு பாய்ந்த இம்பாலாகூட 50, 100 மீட்டர் முழு வேகத்தில் ஓடித்தான் விழும்.

வெடித்த நொடியில் அது என்ன செய்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இதயத்திலோ நுரையீரலிலோ பட்டால் துள்ளும், அல்லது பின்னங்காலை உதறும். பிறகு உடலைத் தாழ்த்திக்கொண்டு கண்மண் தெரியாமல் பாயும். முட்புதர் குறுக்கே வந்தாலும் விலகாது. வயிற்றில் பட்டது முதுகைக் கூனிக்கொண்டு சில அடி ஓடி, பிறகு நடக்கத் தொடங்கும். காலில் பட்டால் ஒரு பக்கம் சரிந்து எழும், அந்தக் கால் தொங்கி ஆடும். குண்டு படாதது சத்தத்துக்கு மிரண்டு மந்தையோடு ஓடும், கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்க்கும். காயம்பட்டது பல நேரம் மந்தையை விட்டுப் பிரிந்து தனி வழி பிடிக்கும்.

இவ்வளவும் பெரும்பாலும் நடப்பவை, அவ்வளவுதான். எந்த அறிகுறியும் காட்டாமல் ஓடி, புதருக்குள் செத்துக் கிடப்பவையும் உண்டு. ஆகவே ஓட்டத்தைப் பார்த்து "பட்டது" என்று சொல்லலாம். "தவறியது" என்பதைத் தரையைப் பார்த்த பிறகே சொல்லவேண்டும்.

அதற்கு முதல் வேலை, நீங்கள் நின்ற இடத்தைத் தொலைக்காமல் இருப்பது. சுட்ட இடத்தில் தொப்பியையோ பையையோ வையுங்கள். மிருகம் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் துப்பாக்கி இருந்த இடத்திலேயே நின்று கைகாட்ட, இன்னொருவர் நடக்கட்டும். இதைச் செய்யாமல் எல்லோரும் ஒன்றாக ஓடினால், 150 மீட்டர் தள்ளிப் போனபின் எல்லாப் புதரும் ஒன்றுபோலவே தெரியும். அங்கே போனதும் தடத்தின் மேல் மிதிக்காமல் ஓரமாக நடந்து முடியைத் தேடுங்கள். குண்டு நுழையும்போது முடியை வெட்டிவிடும். இம்பாலாவுக்கு முதுகில் செம்பழுப்பு, விலாவில் வெளிர்பழுப்பு, அடிவயிற்றில் வெள்ளை. வெள்ளை முடி மட்டும் கொத்தாகக் கிடந்தால் குண்டு தாழப் போயிருக்கிறது. எலும்புச் சில்லு கிடந்தால் கால். குளம்புகள் விரிந்து மண்ணைக் கிளறிய இடத்திலிருந்து அந்த ஒரு தடத்தைப் பிடித்துக் குறைந்தது 200 மீட்டராவது போய்ப் பாருங்கள். ஜூலு தடம்பார்ப்பவர் உடன் இருந்தால் அவரை முன்னே விட்டு நீங்கள் வாய்மூடிப் பின்னே செல்லுங்கள். கிளறிய மண்ணில் அவர் படிப்பது நம் கண்ணில் படாது.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): குண்டு பட்டால் சத்தம் கேட்கும் என்கிறார்களே, எனக்கு ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பதில்: கிட்டத்திலிருந்து சுட்டிருப்பீர்கள். 50, 60 மீட்டரில் வெடிச்சத்தமே அதை விழுங்கிவிடும். 200 மீட்டர் என்றால் குண்டு போய்ச்சேர ஏறக்குறைய கால் நொடி, பட்ட சத்தம் திரும்பிவர இன்னும் அரை நொடிக்குச் சற்று மேல். அந்த இடைவெளியில்தான் காது பிடிக்கும். நெஞ்சில் பட்டால் கனமான ‘தொப்’, வயிற்றில் பட்டால் நீர் நிறைந்த பொந்தில் அடித்ததுபோல் ஒலி, எலும்பில் பட்டால் ‘படக்’. ஆனால் குண்டு ஈர மண்ணில் புதைந்தாலும் அடிமரத்தில் பட்டாலும் ஏமாற்றும் சத்தம் வரும். காதுக்காப்பு போட்டிருக்கும் நீங்கள் இதை நம்பாமல் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். அவருக்கு அதிர்வும் இல்லை, பைனாகுலரில் எல்லாம் தெரியும்.

கேள்வி (நியூகாசில்): அண்ணா, பிளெஸ்பக் மான் ஒன்று சுட்ட இடத்திலேயே சுருண்டு விழுந்தது. கைகுலுக்கிக்கொண்டோம். பக்கியை (பிக்கப் வண்டியை) எடுத்துவரப் போய்த் திரும்பினால் ஆளைக் காணோம்! ரத்தமும் சொட்டுதான்.

பதில்: தம்பி, மின்னல் வெட்டியதுபோல் விழும் மிருகத்தைத்தான் நான் மிகவும் சந்தேகப்படுவேன். முதுகெலும்பின் மேலே துருத்திக்கொண்டிருக்கும் முட்களை குண்டு உரசினால், அந்த அதிர்ச்சியில் நரம்பு சற்று நேரம் செயலிழக்கும், மிருகம் விழும். அரை நிமிடத்திலோ ஒரு நிமிடத்திலோ எழுந்து ஓடிவிடும். கொம்பில் பட்டாலும் இதே கதை. குண்டு உயரப் போயிருக்கிறது என்று பொருள்.

இனிமேல் விழுந்ததும் அடுத்த தோட்டாவை ஏற்றி, ஸ்கோப்பில் அதையே பார்த்துக்கொண்டிருங்கள். தலை தூக்கினால் மறுபடி சுடத் தயங்காதீர்கள், இரண்டாவது குண்டுக்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. அருகே போகும்போது பின்பக்கமாகப் போய், ஒரு குச்சியால் கண்மணியைத் தொட்டுப் பாருங்கள். இமைத்தால் உயிர் இருக்கிறது. அந்த பிளெஸ்பக்கை மறுநாளும் மந்தையில் தேடுங்கள், நொண்டுவதோ ஒதுங்கி நிற்பதோ கண்ணில் படலாம்.

கேள்வி (டொங்காட், ஒரு தாய்): என் மகன் அவன் மாமாவோடு நியாலா மான் வேட்டைக்குப் போனான். வயிற்றில் பட்டுவிட்டது. உடனே துரத்தியிருக்கலாமே, ஏன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள்? அந்த ஜீவன் அவ்வளவு நேரம் வதைபடவேண்டுமா?

பதில்: அம்மா, உங்கள் கேள்வியில் இருக்கும் வலி எனக்கும் உண்டு. ஆனால் உட்கார்ந்ததுதான் அதன் வேதனையைக் குறைத்தது. வயிற்றில் காயம்பட்டது தன்னை விட்டுவிட்டால் கொஞ்ச தூரத்திலேயே நிழலில் படுத்துவிடும். துரத்தினால் எழுந்து கிலோமீட்டர் கணக்கில் போகும், பிறகு எவராலும் கண்டுபிடிக்க முடியாது, வேதனை நாள்கணக்கில் நீளும்.

எங்கே பட்டது என்பதைத் தரை சொல்லும். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், கால் மணி நேரம் பொறுத்தால் போதும். கருஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் ஈரல், இரண்டு மணி நேரமாவது வேண்டும். பச்சையாக அரைத்த புல்லும் நாற்றமும் இருந்தால் இரைப்பை அல்லது குடல், நான்கு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. இந்தக் கணக்கைக் குலைப்பது நம் நாட்டு வெயிலும் கழுதைப்புலியும் நரியும்தான். ஜூனில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. அதனால்தான் மாலை நாலரைக்கு மேல் சந்தேகமான குறிக்கு விசையைத் தொடாதே என்று மகனிடம் சொல்லுங்கள். மாமாவுக்கும் சேர்த்துச் சொல்லலாம்.

கேள்வி (லேடிஸ்மித்): ரத்தமே இல்லையென்றால் தவறியது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. உயரத்தில் நுழைந்து மறுபக்கம் வெளிவராத குண்டு ரத்தத்தை நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே நிரப்பும். கொழுப்போ குடலோ துளையை அடைத்துக்கொள்ளும். நியாலா கிடாவின் நீண்ட முடி சொட்டுவதை உறிஞ்சிக்கொள்ளும். முதல் 30, 40 மீட்டர் சுத்தமாக இருந்து, அப்புறம் சொட்டத் தொடங்குவது சாதாரணம். தரையை மட்டும் பார்க்காமல் புல்லின் பக்கவாட்டையும் பாருங்கள்: முழங்கால் உயரத்தில் தீற்றல் இருந்தால் காயம் தாழ, இடுப்புயரத்தில் என்றால் உடம்பில். இரு பக்கமும் இருந்தால் குண்டு ஊடுருவியிருக்கிறது.

காய்ந்த இலைகளில் இயற்கையாகவே செம்புள்ளிகள் இருக்கும். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு சிறு தெளிப்பானில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தமென்றால் நுரைக்கும், இலைப்புள்ளி சும்மா இருக்கும். கண்ட ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு காகிதத் துண்டு கட்டுங்கள், திரும்பிப் பார்த்தால் போன திசை கோடாகத் தெரியும். தடம் அறுந்தால் நாய். இங்கே பலரும் ஜாக் ரஸ்ஸல் வைத்திருப்பது அதற்காகத்தான். ஆனால் பத்துப்பேர் மிதித்துக் குழப்பிய பிறகு நாயை அழைப்பது அதற்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): புரட்டாசி பிறக்குமுன் பில்டாங் (உலர்த்திய இறைச்சி) போட்டுவிடவேண்டும். வேட்டையைக் கடைசி வாரம் வரை தள்ளலாமா?

பதில்: வேண்டாம். அவசரத்தில்தான் 250 மீட்டரில் குறுக்கே ஓடுவதைச் சுடத் தோன்றும். ஜூலையிலேயே போய்வாருங்கள்.

கேள்வி (ஜோஹன்னஸ்பர்க்): இரண்டு சொட்டு ரத்தம் பார்த்துவிட்டு, கிடைக்காத கூடு மானுக்குப் பண்ணைக்காரர் முழுப் பணம் கேட்கிறார். நியாயமா? மிருகம் பக்கத்துப் பண்ணைக்குள் தாண்டிவிட்டது.

பதில்: நியாயம்தான். ரத்தம் கண்டால் சுட்டதாகவே கணக்கு என்பது தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் பரவலான வழக்கம், உங்கள் ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கும். அந்தக் கூடு மான் பிழைத்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு அது நஷ்டம். போகுமுன் விலைப்பட்டியலோடு அந்த வரியையும் படியுங்கள்.

வேலி தாண்டியிருந்தால் துப்பாக்கியோடு நீங்களாக நுழையாதீர்கள். உங்கள் பண்ணைக்காரர் மூலம் பக்கத்துக்காரரை உடனே தொலைபேசியில் அழைத்து அனுமதி வாங்குங்கள். தாண்டிய கம்பியில் முடியும் ரத்தமும் ஒட்டியிருந்தால் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். அனுமதி கிடைத்ததும் கடைசிச் சொட்டிலிருந்தே தொடங்குங்கள். அன்று இருட்டிவிட்டால் மறுநாள் விடியலில் போங்கள், கழுகுகள் வட்டமிடும் இடத்தை முதலில் பாருங்கள். அதோடு ரைபிளை 100 மீட்டரில் காகிதத்தில் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். மேடுபள்ளத்தில் பக்கியில் குலுங்கி ஸ்கோப் நகர்ந்திருந்தால் அடுத்த மிருகமும் இதே கதிக்கு ஆளாகும்.