மண்ணுக்கடியில் இவ்வளவு தங்கம் இருந்தும் ஒரு சின்ன நாடு ஏன் ஏழையாகவே இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சொல்வது: நூற்றுக்கணக்கான டன் தங்கம் உள்ள நாட்டு மக்கள் உட்கார்ந்து சாப்பிடலாமே!

நான் எம்பிபிஎஸ் படித்தது கிர்கிஸ்தானில், பிஷ்கெக்கில். சுமார் 70 லட்சம் பேர் உள்ள நாடு. அங்கே கும்தோர் என்று ஒரு சுரங்கம், தியான் ஷான் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில். சோவியத் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்; தங்கம் எடுக்கத் தொடங்கியது 1997-இல், ஒரு கனடா நிறுவனம் வந்த பிறகு.

பேப்பரில் போடும் கணக்கு ரொம்ப எளிது. இத்தனை டன் இருக்கிறது, இன்றைய விலையால் பெருக்கு, அவ்வளவு சொத்து. ஆனால் அந்த மலையில் ஒரு டன் தாதுவில் இருப்பது சில கிராம்தான். ஒரு பவுனுக்கு மூன்று டன் தாதுவாவது அரைபட வேண்டும். அதற்கு முன், மேலே கிடக்கும் வெறும் பாறையையும் பனியாற்றின் (மலையில் மெல்ல நகரும் பெரும் பனித்திரள்) பனியையும் வெட்டித் தள்ள வேண்டும். டீசல், தாதுவிலிருந்து தங்கத்தைப் பிரிக்க சயனைடு, ராட்சத லாரிகள், கடன் வட்டி எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் சொத்து. அதிலும் யாருக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 2020 வரை அங்கே எடுத்த மொத்தத் தங்கம் 400 டன்னுக்குச் சற்று மேல். நாம் ஒரே வருடத்தில் வாங்கும் தங்கம் அதைவிட அதிகம்!

அப்புறம் இன்னொன்று. நல்ல வருடங்களில் நாட்டின் மொத்த உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே குழியிலிருந்து வந்தது. 2012-இல் சுரங்கத்துக்குள் பனி நகர்ந்து வந்ததால் உற்பத்தி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்த வருடம் நாட்டின் ஜிடிபியே சுருங்கிவிட்டது. ஒரு பனியாறு அசைந்தால் பட்ஜெட் ஆடும் நாட்டை என்னவென்று சொல்வது? போதாக்குறைக்கு, வெட்டி விற்றதை எல்லாம் வருமானம் என்றே எழுதுகிறார்கள். அம்மாவின் வளையலை விற்ற மாதத்தில் சம்பளம் கூடிவிட்டது என்று சொல்வதைப் போலத்தான் இது.

பர்ஸ்கோன் கிராமம் சுரங்கத்துக்குப் போகும் சாலையில், இசிக்குல் ஏரியின் தென்கரையில் இருக்கிறது. 1998 மே மாதம் சயனைடு ஏற்றி வந்த லாரி அங்குள்ள ஆற்றில் விழுந்து, 1,700 கிலோவுக்கு மேல் தண்ணீரில் கலந்தது. ஆயிரக்கணக்கானோரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். விடுமுறையில் நாங்கள் அந்தப் பக்கம் போனபோது சாலையோரம் வாளி வாளியாக சர்க்கரை பாதாமி (ஆப்ரிகாட் பழம்) விற்றுக்கொண்டிருந்தார்கள். அருவி, மலை, குதிரை என்று பார்த்துவிட்டு வந்தோம். எங்கள் கண்ணில் சுரங்கம் படவே இல்லை, லாரிகள் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தன.

2013-இல் ஊர்க்காரர்கள் அந்தச் சாலையை மறித்தார்கள். அந்த மாவட்டத்தில் அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்தது. சுரங்கத்தை நாட்டுடைமை ஆக்கவேண்டும் என்று போராடிய சதீர் ஜபாரோவ், ஆள்கடத்தல் வழக்கில் சிறைக்குப் போய், 2020 கலவரத்தில் ஆதரவாளர்களால் வெளியே கொண்டுவரப்பட்டு, அடுத்த ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தலிலும் வென்றார். அதே 2021 மே மாதம் அரசு சுரங்கத்தைத் தன் கையில் எடுத்தது. 2022-இல் சமரசம். சுரங்கம் முழுக்க நாட்டுக்கு, கனடா நிறுவனத்தில் நாட்டுக்கு இருந்த பங்குகள் அந்த நிறுவனத்துக்கே. பிடுங்கியது சரியா என்று கேட்டால், அரைகுறை ஒப்பந்தங்களைப் பார்த்தவன் என்ற முறையில் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் முதலாளி மாறினாலும் தாதுவில் தங்கத்தின் அளவு கூடாது, பனியாறும் திரும்ப வளராது.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாவை அபா (கிர்கிஸ் மொழியில் அம்மா) என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு முன்பல் இரண்டும் தங்கம். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் ஐம்பது பவுன் போடுவார்கள் என்றதும் விரல்விட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு, "நானூறு கிராமா, கழுத்து வலிக்காதா?" என்று கேட்டார். அவர் மகன் மாஸ்கோவில் கட்டட வேலை. சில வருடங்களில் ஜிடிபியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்ததே இப்படி வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம்தான். தங்கத்தைவிடப் பெரிய தொகை. சுரங்கம் நாட்டுடைமை ஆன பிறகு ஒருமுறை போனில் பேசினேன். மகன் ஊருக்கு வந்துவிட்டானா என்று கேட்டேன். இல்லையாம், மருமகளும் மாஸ்கோ போய்விட்டாளாம்.