லேயாளின் கண்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். எனக்கு வயது 26. பிறந்ததிலிருந்தே இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடைவரை ஒரு கருந்திட்டு இருக்கிறது. சபையில் பாடகர் குழுவில் பாடுகிறேன். குழுப் படம் எடுக்கும்போதெல்லாம் வலது கன்னம் மட்டும் தெரிகிற மாதிரி நின்றுகொள்வேன். என் படத்தைப் போடுவதென்றால், போனில் விரலால் தேய்த்துத் தேய்த்து அந்தத் திட்டை அழித்த பிறகுதான் போடுவேன். சமீபத்தில் சபையில் மூத்த சகோதரி ஒருவர், "கர்த்தர் இருதயத்தைத்தானே பார்க்கிறார், உனக்கு உள்ளழகு இருக்கிறதே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நீ அழகில்லை என்பதைத்தானே அப்படிச் சொல்கிறார் என்று வீட்டுக்கு வந்து அழுதேன். சில நாள் சாப்பிடவே பிடிப்பதில்லை. கண்ணாடி முன் நின்று வருத்தப்படுவது பாவமா? லேசர் சிகிச்சை செய்துகொண்டால் தேவன் படைத்ததைக் குறை சொன்னதாக ஆகுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புத் தங்கைக்கு,

வருத்தப்படுவது பாவமில்லை. சங்கீதப் புத்தகத்தில் எவ்வளவு அழுகை இருக்கிறது, படுக்கையைக் கண்ணீரால் நனைத்தேன் என்கிறவரின் ஜெபமும் வேதத்தில்தானே இருக்கிறது. கண்ணாடி முன் என்ன தோன்றுகிறதோ அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள், பக்தியான வார்த்தையாக மாற்றவெல்லாம் வேண்டாம்.

அந்தச் சகோதரி சொன்ன வசனம் 1 சாமுவேல் 16-ல் வருகிறது. தாவீதின் தகப்பன் ஈசாயின் வீட்டுக்கு ராஜாவை அபிஷேகம் பண்ணப் போன தீர்க்கதரிசி சாமுவேல், மூத்த மகன் எலியாபின் உயரத்தையும் முகத்தையும் பார்த்து இவன்தான் என்று நினைக்கிறார். அப்போதுதான் "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்று ஆண்டவர் அவரைத் திருத்துகிறார். யாரிடம் சொல்லப்பட்டது என்று கவனியுங்கள். ஒருவரைத் தோற்றத்தை வைத்து எடைபோட்ட சாமுவேலிடம், அதுவும் கண்டிப்பாக. அந்தக் கண்டிப்பை நாம் எடைபோடப்பட்டவரின் தோளைத் தட்டும் ஆறுதலாக மாற்றிவிட்டோம். உங்களுக்கு வலித்தது நியாயம்தான். அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் தள்ளி, தாவீதுக்கு அழகிய கண்கள், நல்ல ரூபம் என்றும் எழுதியிருக்கிறது. அழகை அழகு என்று சொல்ல வேதம் கூச்சப்படவில்லை, அதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை.

இந்த "உள்ளழகு" என்கிற பேச்சில் எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வெளியே மதிப்பெண் கிடைக்காத பெண்ணிடம், சரி, உள்ளே போய் வாங்கிக்கொள் என்கிறோம். அப்புறம் அவள் நான் போதுமான அளவு சாந்தமாக இருக்கிறேனா, பொறுமையாக இருக்கிறேனா என்று தன்னையே அளந்துகொண்டிருப்பாள். அதுவும் கண்ணாடிதான், இன்னும் கொடுமையான கண்ணாடி. பேதுரு தன் முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் சொல்லும் "சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி" தேவனுடைய பார்வையில் விலையேறப்பெற்றது, மறுக்கவில்லை. ஆனால் முகத்துக்கு நஷ்ட ஈடாக அதைத் தருவதாக அவர் எழுதவில்லை.

லேயாளின் கதையை மறுபடி வாசித்துப் பாருங்கள், ஆதியாகமம் 29, 30 அதிகாரங்கள். அவளை நமக்கு அறிமுகப்படுத்துகிற வரியே ஒப்பீடுதான்: லேயாளுக்குக் கூச்சப்பார்வை, ராகேலோ ரூபவதி. ராகேல் அவளுடைய தங்கை, இருவரையும் மணந்தவர் யாக்கோபு. ஒரே வீட்டில், ஒரே புருஷனோடு, தினமும் அந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வாழ வேண்டியிருந்தது அவளுக்கு. அவள் அற்பமாய் எண்ணப்பட்டதைக் கர்த்தர் கண்டார் என்று வேதம் சொல்கிறது. பிள்ளைகளுக்கு அவள் வைத்த பெயர்களைக் கேட்டாலே மனசு கனத்துப்போகும். ரூபன் பிறந்ததும், இப்பொழுது என் புருஷன் என்னை நேசிப்பார் என்கிறாள். நேசிக்கவில்லை போலிருக்கிறது, ஏனென்றால் சிமியோன் பிறக்கும்போதும் அற்பமாய் எண்ணப்பட்டேன் என்றே சொல்கிறாள். லேவி பிறந்ததும், இனி அவர் என்னோடு சேர்ந்திருப்பார் என்று நம்புகிறாள். நான்காவதாக யூதா பிறந்தபோதுதான் புருஷனைப் பற்றிய பேச்சே இல்லாமல், "இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்" என்று நிறுத்துகிறாள்.

பிரசங்கங்கள் பெரும்பாலும் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஆனால் அடுத்த அதிகாரத்தில் லேயாள் மறுபடியும் பழைய இடத்துக்குப் போகிறாள். பிள்ளைப்பேறு தரும் என்று அக்காலத்தில் நம்பப்பட்ட தூதாயீம் கனிகளுக்காகத் தங்கையோடு சண்டை போடுகிறாள், ஆறாவது மகன் செபுலோன் பிறந்ததும் இப்பொழுதாவது புருஷன் என்னோடு வாசம்பண்ணுவார் என்கிறாள். அதாவது, யூதா பிறந்த அன்று அவளுக்குக் கிடைத்த விடுதலை உண்மை, அதற்குப் பிறகும் அந்த ஏக்கம் திரும்பி வந்ததும் உண்மை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு நாள் உருகி ஜெபித்து எழுந்த பிறகு அடுத்த வாரமே கண்ணாடி முன் மறுபடி உடைந்துபோனால் என் விசுவாசம் பொய் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. லேயாள் தடுமாறினாள் என்பதற்காகக் கர்த்தர் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. லேவியின் வம்சத்தில் மோசேயும் ஆரோனும் வந்தார்கள், யூதாவின் வம்சத்தில் தாவீது, பிறகு இயேசு.

அந்த இயேசுவின் முகம் அழகாக இருந்ததா இல்லையா என்று நான்கு சுவிசேஷங்களிலும் ஒரு வரி கிடையாது. ஏசாயா 53-ஐ அவரைப் பற்றிய தீர்க்கதரிசனமாகத்தான் நாம் வாசிக்கிறோம், அங்கே அழகுமில்லை சௌந்தரியமுமில்லை என்றே இருக்கிறது. உயிர்த்தெழுந்த பிறகு தோமாவிடம் கைகளிலிருந்த காயத்தைக் காட்டினார். மகிமையடைந்த சரீரத்திலும் அந்த அடையாளங்கள் இருந்தன. உங்கள் கன்னத்துத் திட்டும் அதுவும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன், அவை நமக்காக அவர் பட்ட காயங்கள். ஆனால் பூரணம் என்றாலே மாசுமருவற்ற தோல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அந்த நினைப்பு அவர் முன்னால் நிற்காது.

உங்கள் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்றால், ரோமர் 5:8. நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார். நம்மிடம் ஏதோ ஓர் அழகைக் கண்டுபிடித்து, அது வெளியிலோ உள்ளேயோ, அதற்காக நேசிக்கவில்லை. அதனால்தான் முகம் மாறினாலும், வயதானாலும், குணத்தில் தவறினாலும் அந்த மதிப்பு குறைவதில்லை. அழகாக இருக்கிற பெண்ணுக்கும் இதே நிலைதான், அவளுக்கும் வேறு ஆதாரம் கிடையாது.

சாப்பாடு விஷயத்தை மட்டும் லேசாக விடாதீர்கள். சாப்பிடப் பிடிக்காத நாட்கள் தொடர்ந்து வருகிறது என்றால் ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். ஜெபத்துக்கு அது போட்டியில்லை. நம்பகமான ஒருவரிடம், வீட்டிலோ சபையிலோ, இந்தக் கடிதத்தில் எழுதியதை வாய்விட்டுச் சொல்லவும் செய்யுங்கள். அந்த மூத்த சகோதரியிடமே, அக்கா, அன்று நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது என்று சொல்லலாம். அன்பாகப் பேசியவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கேட்பார் என்றுதான் நினைக்கிறேன்.

லேசர் சிகிச்சையைப் பொறுத்தவரை, அது விசுவாசக் குறைவு என்று சொல்ல எனக்கு வேதத்தில் ஓர் ஆதாரமும் தெரியவில்லை. பல்லை நேராக்கிக்கொள்கிறோம், கண்ணாடி போட்டுக்கொள்கிறோம், அதையெல்லாம் யாரும் படைப்பைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லாத் திட்டும் ஒரே மாதிரி லேசருக்குக் கட்டுப்படாது, சிலது மங்கும், சிலது திரும்ப வரும். ஆகவே நல்ல தோல் மருத்துவர் ஒருவரிடம் காட்டி, உங்களுடையது எந்த வகை, எத்தனை முறை செய்ய வேண்டியிருக்கும், தழும்பு விழ வாய்ப்புண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மனசு உடைந்திருக்கிற வாரத்தில் தேதி குறிக்காதீர்கள். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குகிற நாட்களிலும் அது வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா